92,000 வெள்ளி கிட் வீடு: குடிபோகும் நாளுக்குள் எவ்வளவு ஆகும்?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு 59 வயது. எட்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பட்டணத்துக்கு வெளியே, முன்பு ரப்பர் மரம் நின்ற இடத்தில் ஒரு லாட் நிலம் வாங்கி வைத்திருக்கிறோம். கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) கணவர் பெயரோடு அவர் தம்பி பெயரும் இருக்கிறது. கிள்ளானில் ஒரு நிறுவனம் 40க்கு 25 அடி, மூன்று அறை கொண்ட இரும்புச் சட்டக கிட் வீட்டுக்கு (பாகங்களைத் தொழிற்சாலையில் வெட்டிக் கொண்டுவந்து பொருத்தும் வீடு) 92,000 வெள்ளி சொல்கிறது. இந்த மாதமே 30 விழுக்காடு கட்டினால் கழிவு உண்டாம். தளம் போட 20,000, மற்ற செலவுக்கு 10,000 சேர்த்து மொத்தம் 122,000 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கையில் கணவரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் 130,000, சேமிப்பு 25,000. பெரிய மகன் ஈப்போவில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறான். பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: சகோதரி, இந்த மாதம் கட்ட வேண்டாம். 30 விழுக்காடு என்பது 27,600 வெள்ளி. பிளான் அனுமதி கிடைக்காமல் போனாலோ, உங்கள் கொழுந்தனார் சம்மதிக்காமல் போனாலோ அந்தப் பணம் திரும்பி வருவது கடினம். உங்கள் கணக்கும் குறைவாக இருக்கிறது. அதே 1,000 சதுர அடி வீட்டில் விளக்கு எரிந்து, குழாயில் தண்ணீர் வந்து, சட்டப்படி குடியேறும் வரை 228,000 வெள்ளி அளவுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். கிட் வீட்டில் கிட்டின் விலை பெரும்பாலும் முழுச் செலவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான். மீதி எங்கே போகிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்த 92,000-க்கு என்னென்ன வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வண்ணப் படம் போட்ட விளம்பரத் தாள் போதாது. ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, தடிமன், பூச்சு எல்லாம் உள்ள பொருள் பட்டியல் வேண்டும். சட்டக இரும்பு 0.75 மில்லிமீட்டரா, 1 மில்லிமீட்டரா? துருப்பிடிக்காமல் இருக்க என்ன பூச்சு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? கூரைத் தகட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் 0.42 என்பார், இன்னொருவர் 0.47 என்பார். முதலாவது இரும்பின் தடிமன் மட்டும், இரண்டாவது பூச்சும் சேர்த்த தடிமன் என்றால் இரண்டும் ஒரே தகடுதான். எதை அளந்து சொல்கிறார்கள் என்று கேட்காமல் விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

குளியலறைச் சுவருக்கு ஜிப்சம் பலகை கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஈரத்தில் அது ஊதி உதிரும். அங்கே ஃபைபர் சிமெண்டு பலகையும் அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சும் வேண்டும். கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியத் தாளோடு 50 மில்லிமீட்டர் ராக்வூல் இல்லாத தகரக் கூரையின் கீழ், நம் ஊர் மத்தியான வெயிலில் உட்கார முடியாது. மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது.

கூரையின் இறவாரத்தைக் குறைத்துக் காட்டி விலையை இறக்குவது வழக்கமாக நடக்கிற ஒன்று. 40க்கு 25 அடி வீட்டுக்குச் சுற்றிலும் 0.3 மீட்டர் இறவாரம் விட்டால், 15 பாகைச் சரிவில் கூரைப் பரப்பு சுமார் 109 சதுர மீட்டர். 0.9 மீட்டர் விட்டால் சுமார் 136. கால் பங்கு கூடுகிறது, செலவும் அதற்கேற்பக் கூடும். ஆனாலும் 0.9 மீட்டரையே கேளுங்கள். சாரல் சுவரில் அடித்தால் பலகை இணைப்புகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் தண்ணீர் இறங்கும். பலகைச் சுவர் செங்கல் சுவரைப்போல் அதைத் தாங்காது.

இப்போது நிலத்துக்கு வருவோம். பட்ஜெட் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. ரப்பர் மரத்தை வெட்டியவர்கள் வேர்க்கட்டையை மண்ணுக்குள்ளேயே விட்டுப் போயிருப்பார்கள். அது மக்கினால் இரண்டு கெடுதல்: மண்ணுக்குள் பள்ளம் விழுந்து தளம் இறங்கும், கறையானும் அங்கே குடியிருக்கும். ரப்பரையும் செம்பனையையும் உயிரோடு தின்னும் கறையான் வகை நம் நாட்டில் இருப்பது தோட்டத்தில் வேலை செய்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டகம் இரும்புதானே, கறையான் என்ன செய்யும் என்று விற்பனையாளர் சொல்லலாம். கதவு நிலை, அலமாரி, ஜிப்சம் பலகையின் மேல்தாள், துணிமணி எல்லாவற்றையும் அது தின்னும். இரும்புச் சட்டகத்தின் குழிவு அதற்கு நல்ல பாதையாகிவிடும். ஆகவே வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுக்கவும், தளம் போடுமுன் மண்ணுக்குக் கறையான் மருந்து அடிக்கவும் கட்டாயம் பணம் ஒதுக்குங்கள். தளம் போட்ட பிறகு அடிப்பதானால் தரையில் துளை போட வேண்டிவரும்.

நிலம் பள்ளமாக இருந்தால் மண் கொட்ட வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் கூடுதலாக விட்டு, 0.6 மீட்டர் உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். இறுக்கிய அளவில் 82 கன மீட்டர். தளர்வாக வரும் மண் அதைவிடக் கால் பங்கு அதிகம், அதாவது 100 கன மீட்டருக்கு மேல். லாரி 5 கன மீட்டர் ஏற்றினால் 20 நடைக்குக் குறையாது. அந்த மண்ணை மொத்தமாகக் கொட்டி மட்டமாக்கினால் போதாது. 150 முதல் 200 மில்லிமீட்டர் அடுக்கடுக்காகப் பரப்பி ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாத தளம் ஓரிரு மழைக்காலத்துக்குள் வெடிக்கும். கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் பழைய ஈய வயல் நிலங்களும் உண்டு. ஆகவே ஜேகேஆர் புரோப் என்னும் எளிய மண் சோதனையை இரண்டு மூன்று இடங்களிலாவது செய்து, முடிவைப் பொறியாளரிடம் கொடுங்கள். மண் இளகியது என்று தெரிந்தால் அடித்தளச் செலவு முழுதாக மாறும். அது பணம் கட்டும் முன் தெரிய வேண்டிய செய்தி.

தளத்துக்கு 20,000 ஏன் போதாது என்பதற்கு அளவையே பாருங்கள். பரப்பு 93 சதுர மீட்டர். 125 மில்லிமீட்டர் தடிமனுக்கு 11.6 கன மீட்டர் கொங்கிரீட். வெளிச்சுவர்களின் கீழும் நடுச் சுவர்களின் கீழும் 300 மில்லிமீட்டர் அகலத்தில் தடித்த விட்டம் ஓடும். அதற்கு இன்னும் ஏறக்குறைய 6 கன மீட்டர். சேதாரம் சேர்த்து 19 என்று ஆர்டர் கொடுக்க வேண்டிவரும். இதற்குக் கீழே 50 மில்லிமீட்டர் வெற்றுக் கொங்கிரீட் 4.7 கன மீட்டர். அதற்கும் கீழே இறுக்கிய கருங்கல் ஜல்லி 150 மில்லிமீட்டர், தளர்வாக வாங்கினால் 18 கன மீட்டர். ஈரம் மேலே ஏறாமலிருக்க பிளாஸ்டிக் தாள். 6 மீட்டருக்கு 2.2 மீட்டர் பிஆர்சி வலை (கொங்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பி வலை), ஒன்றின் மேல் ஒன்று 300 மில்லிமீட்டர் ஏறும்படி போட்டால் ஒரு அடுக்குக்கு 9 தகடு வேண்டும், 10 வாங்குவது நல்லது. விட்டங்களுக்குள் போகும் கம்பி, பலகை அடைப்பு, கூலி எல்லாம் இதற்கு மேல். பொறியாளர் கணக்கில் இந்த அளவுகள் கூடலாம், குறையலாம். ஆனால் குத்தகையாளரின் கொட்டேஷனில் இவை ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 'தளம், ஒரே விலை' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தளம் போடுகிறவர் ஒருவர், கிட் பொருத்துகிறவர் வேறொருவர் என்றால் அங்கே கட்டாயம் சச்சரவு வரும். சட்டகம் தொழிற்சாலையில் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி வருகிறது. தளம் கோணலாகவோ மேடுபள்ளமாகவோ இருந்தால் சட்டகம் உட்காராது; சந்தில் சிமெண்டு வைத்து அடைப்பார்கள், ஈரச் சிமெண்டு பட்ட இடத்தில் பூச்சு அரித்துத் துருவேறும். கொங்கிரீட் ஊற்றும் முன் பலகை அடைப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் நீங்களே டேப் பிடித்து அளக்கலாம்: 40க்கு 25 அடிக்கு இரண்டுமே 47 அடி 2 அங்குலம் வர வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஊற்ற விடாதீர்கள். கிட் நிறுவனம் தளத்தை வந்து பார்த்து, 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று கையெழுத்திட்ட பிறகே சாமான் லாரி புறப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பின்னால் வரும் பெரிய சண்டையைத் தடுக்கும்.

லாரி என்றதும் இதையும் பாருங்கள்: உங்கள் லாட்டுக்குப் போகும் வழியில் தோட்டத்துச் சிறு பாலமோ, குறுகலான வளைவோ, தாழ்ந்த மின்கம்பியோ இருக்கிறதா? நீண்ட டிரெய்லர் திரும்ப முடியாவிட்டால் சாமானைச் சாலையோரம் இறக்கி, சிறு லாரியில் மாற்றி ஏற்ற வேண்டும். அந்தக் கூலி உங்கள் தலையில் விழும். இறக்கிய பலகைகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கான்வாஸ் மூடி இருக்க வேண்டும். ஒரு இரவு மழையில் நனைந்த ஜிப்சம் பலகை எதற்கும் உதவாது.

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் செலவை முடிவு செய்வது தூரம்தான். தெனாகாவின் மின்கம்பம் லாட்டின் முன்னே நின்றால் ஒரு விலை, இன்னும் சில கம்பங்கள் நட வேண்டியிருந்தால் வேறு விலை. பதிவு பெற்ற மின் குத்தகையாளர் மூலமாக விண்ணப்பம் போட்டு, கட்டணத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு பேராக் நீர் வாரியத்தில் உரிமம் பெற்ற பிளம்பர் வழியாக இதே வேலை. இரும்புச் சட்டகத்தில் வயர் ஓடும் துளைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டு, சட்டகத்தையே எர்த்துடன் இணைக்க வேண்டும். சுடுநீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சாக்கடைக் குழாய் இல்லாத பகுதியானால் அங்கீகரிக்கப்பட்ட செப்டிக் தொட்டி வாங்க வேண்டும். கழிவு உறிஞ்சும் லாரி வரக்கூடிய பக்கமாக அதை வையுங்கள். வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு பிறகு வழியை அடைத்துச் சமையல்கட்டு கட்டுகிறவர்கள் நிறைய.

எடை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது தவறாமல் வரும். கூரைக்குள் 200 கேலன் தண்ணீர்த் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் 909 கிலோ. அது எந்த இடத்தில் உட்காரும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால்தான் அதற்கேற்ற தாங்கி வரும். பலகைச் சுவரில் ஆணி அடித்துப் பெரிய சாமி மேடை மாட்ட முடியாது. சாமி மேடை, சமையலறை மேல் அலமாரி, ஹீட்டர், ஏர்கோன் ஆகியவை வரும் இடங்களைப் பிளானில் குறித்துக் கொடுங்கள். அங்கெல்லாம் பலகைக்குப் பின்னால் பிளைவூட் வைத்து அனுப்புவார்கள். முன்கூட்டிச் சொன்னால் சில நூறு வெள்ளி, பிறகு என்றால் சுவரைப் பிரிக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் போட்டுவிடலாம், கிட் வீடு தற்காலிகக் கட்டடம்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடு எதுவானாலும் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் ஊராட்சியின் பிளான் அனுமதி வேண்டும். உங்களுக்கு அது கோலக்கங்சார் நகராண்மைக் கழகம். முடிவில் சிசிசி என்னும் கட்டி முடித்த சான்றிதழ் வேண்டும். 2007 முதல் அதைக் கொடுப்பவர் ஊராட்சி அதிகாரி அல்ல. உங்கள் பிளானைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ, பொறியாளரோ, பதிவு பெற்ற வரைவாளரோதான். அடித்தளம், சட்டகம், கூரை, வயரிங், குழாய் என்று ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்தவர் ஜி பாரத்தில் கையெழுத்திட்டால்தான் அவர் சிசிசி கொடுக்க முடியும். கிட் பொருத்த வரும் குழு அந்தப் பாரத்தில் கையெழுத்திடுமா, சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு அவர்களுக்கு இருக்கிறதா, சட்டகக் கணக்கில் மலேசியாவில் பதிவு பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இம்மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேறு நிறுவனம் பாருங்கள்.

நான் 228,000 என்று சொன்ன கணக்கு இதோ. இவை என் ஒதுக்கீடுகள். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விலை கிடைத்ததும் என் எண்ணை அடித்துவிட்டு அதை எழுதுங்கள். பிளான், பொறியாளர், கட்டணங்கள் 10,000. நிலம் சுத்தம், வேர்க்கட்டை, மண், கறையான் மருந்து 12,000. அடித்தளமும் தளமும் 26,000. கிட் 92,000. லாரியும் ஹையாப்பும் (சாமானைத் தூக்கி இறக்கும் கிரேன் லாரி) 4,000. பொருத்தும் கூலி 20,000. வயரிங், விளக்கு, மின் இணைப்பு 12,000. குழாய், தொட்டி, குளியலறைச் சாமான், தண்ணீர் இணைப்பு 9,000. செப்டிக் தொட்டி 6,000. தரை ஓடும் குளியலறை ஓடும் 9,000. சாயம், சமையல் மேடை, ஜன்னல் கிரில் 10,000. கூட்டினால் 210,000. கிட் தவிர மற்ற 118,000-க்கு 15 விழுக்காடு எதிர்பாராச் செலவு, ஏறக்குறைய 18,000. வேலியும் கேட்டும் கார் நிறுத்தும் கொட்டகையும் பின்பக்கச் சமையல்கட்டும் இதில் இல்லை. விற்பனை வரி கிட் விலையில் சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் 155,000 இருக்கிறது. அதை முழுவதும் வீட்டில் போடக்கூடாது; ஓய்வு பெற்ற பிறகு மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் 20,000-ஆவது தொடாமல் இருக்கட்டும். அப்படியானால் துண்டு விழுவது 93,000.

வீட்டை 30க்கு 24 அடியாக, 720 சதுர அடியில் இரண்டு அறையாகச் சுருக்கினால் என்ன ஆகும்? பரப்பு 28 விழுக்காடு குறைகிறது, செலவு அந்த அளவு குறையாது. பிளான், லாரி, செப்டிக் தொட்டி, மின் இணைப்பு எல்லாம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்; சமையலறையும் குளியலறையும் சுருங்குவதில்லை. இதே முறையில் கணக்கிட்டால் 188,000 வருகிறது. மிச்சம் 40,000. எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: நேரான செவ்வகம், சமையலறையும் குளியலறைகளும் ஒரே சுவரின் இரு பக்கம், மூன்றாவது அறையைப் பின்னால் சேர்க்கும்படி பக்கவாட்டில் இடம். ஓடு, அலமாரி, சாயம் இவற்றில் குறைக்கலாம். மண் இறுக்குவது, கூரை, வயரிங், கறையான் மருந்து இவற்றில் ஒரு வெள்ளியும் குறைக்காதீர்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். அதே 720 சதுர அடிக்குச் செங்கல் வீடு கட்ட உள்ளூர்க் குத்தகையாளர் இருவரிடம் விலை கேளுங்கள். கிட்டின் உண்மையான பலன் வேகம். பக்கத்திலேயே கொத்தனாரும் செங்கல்லும் கிடைக்கும் ஊரில் அது மலிவாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அரசின் வீடமைப்பு நிறுவனமான எஸ்பிஎன்பியின் 'ரூமா மெஸ்ரா ராக்யாட்' திட்டத்தையும் விசாரியுங்கள். சொந்த நிலம் வைத்திருக்கும், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அரசு உதவியோடு வீடு கட்டித் தருவது அது. நீங்களே கட்டத் தொடங்கிய பிறகு போய்க் கேட்பதில் பயனில்லை.

பணம் வரும் வரிசையும் போகும் வரிசையும் பொருந்த வேண்டும். கணவர் 55 வயதைத் தாண்டியவர், 'அக்காவுன் 55'-இல் உள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 55-க்குப் பிறகு சேர்ந்த சந்தா 'அக்காவுன் எமாஸ்'-இல் இருக்கும், அதை 60 வயதில்தான் தொட முடியும். அந்த 130,000 எந்தக் கணக்கில் எவ்வளவு என்று பாருங்கள். மீதித் துண்டுக்கு மகன் பெயரில் வங்கிக் கடன் வாங்கினால் வங்கி வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் விடும். கிட் நிறுவனமோ லாரி புறப்படும் முன்பே பெரும்பகுதியைக் கேட்கும். இந்த இடைவெளியை உங்கள் கைப்பணத்தால் நிரப்ப வேண்டும் என்பதால் இபிஎஃப் பணத்தைக் கிட்டுக்கும், கடனைத் தளத்துக்குப் பிந்திய வேலைகளுக்கும் வைப்பது எளிது. வங்கியிடம் முதல் நாளே நிலம் தந்தை பெயரில், கடன் மகன் பெயரில் என்று சொல்லிவிடுங்கள்.

கிராண்டில் இருவர் பெயர் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர வேண்டியது. பிரிக்காத நிலத்தில் நீங்கள் கட்டும் வீடு உங்கள் கொழுந்தனாருக்கும் பங்குள்ள நிலத்தின் மேல் நிற்கும். அவர் இன்று நல்ல மனிதராக இருக்கலாம். நாளை அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பங்கு போகும். வழக்கறிஞர் மூலமாகப் பாகம் பிரித்துத் தனிக் கிராண்ட் வாங்குவது, அவர் பங்கை விலைக்கு வாங்குவது, குறைந்தது எழுத்தில் ஒப்பந்தம் செய்வது ஆகியவற்றில் ஒன்றை முடியுங்கள். அதே கிராண்டில் நில வகையையும் படியுங்கள். 'பங்குனான்' (கட்டடம்) என்றிருந்தால் நல்லது. 'பெர்த்தானியான்' (விவசாயம்) என்றிருந்தால் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு இடமுண்டு, ஆனாலும் பிளான் அனுமதியும் வங்கிக் கடனும் கடினமாகலாம். மாவட்ட நில அலுவலகத்தில் கேட்ட பிறகே அடுத்த அடி.

எட்டு மாதம் இறுக்கமான காலம். கிட் சில வாரத்தில் நிமிர்ந்துவிடும், அதன் முன்னும் பின்னும் உள்ளவைதான் நாளைத் தின்னும். அதற்குள் வீடு முடியாவிட்டால் வாடகை வீட்டில் இருக்க வேண்டிவரும்; மாத வாடகை 600 என்றாலும் ஆறு மாதத்துக்கு 3,600 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள். லயத்து வீட்டை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

நிறுவனம் விலையை நிறுத்தி வைக்க ஏதாவது கட்டச் சொன்னால், பிளானும் பொறியாளர் கணக்கும் தயாரிக்கும் செலவுக்கு மட்டும் கட்டுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் மீதிப் பொறுப்பு இல்லை என்று அதில் எழுதியிருக்கட்டும். அடுத்த பணம் அனுமதிக்குப் பிறகு. கடைசி 5 விழுக்காட்டைக் குடியேறி ஆறு மாதம் கழித்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை வலுக்கும்; இரண்டில் ஒன்றாவது அந்த ஆறு மாதத்துக்குள் வந்துவிடும், கூரை ஒழுகுவது அப்போது தெரிந்துவிடும்.